மெஷின் இல்லாத மெஷின் கம்பெனி: தூத்துக்குடியில் ஆறு நாட்கள்

தூத்துக்குடியில் இறங்கிய காலை நான் முதன்முதலில் பொறாமைப்பட்டது ஒரு மனிதனைப் பார்த்து அல்ல, காய்ந்த மிளகாயைப் பார்த்து. கடைவாசலில் சாக்கோடு திறந்து கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லை, வாங்க வரிசை இல்லை. கொழும்பில் மிளகாயைப் பற்றிப் பேசுவதற்கே நாங்கள் குரலைத் தாழ்த்துகிற காலம் இது. விடிவதற்கு முன் பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்று, எட்டு மணிக்கு அரை இறாத்தல் பாணோடு வீடு திரும்புவதை ஒரு நாளின் சாதனை என்று எண்ணப் பழகிவிட்டோம். இங்கே ஒரு மாடு அந்தச் சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனது. அந்த மாட்டின் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நாட்டைவிட்டு வெளியே வர மூன்று படிவங்கள் நிரப்ப வேண்டும். நான்காவதாக ஒன்று உண்டு. அது இருப்பது அந்த அலுவலகத்திலேயே யாருக்கும் தெரியவில்லை. நான்தான் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் வேறெப்படி இருப்பான்?

என்னை வரவழைத்தவன் ஜெபராஜ், பக்கத்து நாசரேத் ஊர்க்காரியான என் மனைவியின் தம்பி. இருபது ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்கு வந்து என்னிடம் வேலை கேட்டவன். விண்ணப்பத்தில் ஒரு நற்சான்றிதழ் குறைந்தது, திருப்பி அனுப்பினேன். விதி அப்படி. அவன் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். இப்போது சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனி.

"வாங்க அத்தான், மெலிஞ்சு போயிட்டியளே!" என்று பஸ் நிலையத்தில் கட்டிப்பிடித்தான். அவன் மெலியவில்லை.

கம்பெனி, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், வலைக்கயிறு விற்கிற கடைக்கு மாடியில் இருந்தது. 'இங்கு கம்ப்யூட்டர் வேலை செய்து தரப்படும்' என்று பலகை. நான் ஏறும்போதே ஒருவர் ரேடியோவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். பழுது பார்க்க மாட்டார்களாம் என்று என்னிடம் குறைப்பட்டார். மேலே இரண்டு மேசை, அட்டைகளில் துளை போடும் இயந்திரம் இரண்டு, சுவரில் மாதா கோயில் வெளியிட்ட நாட்காட்டி. கம்ப்யூட்டரைக் காணவில்லை.

"எங்கேடா மெஷின்?"

"நம்மகிட்ட ஏது அத்தான் மெஷின்? அது ஒரு மில்லுல இருக்கு. ஞாயித்துக்கிழமை சும்மா கெடக்கும். அன்னைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கோம்."

கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிவரியாக எழுதிக் கொடுப்பதற்குப் புரோகிராம் என்று பெயர். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டையில் துளைகள். இவர்கள் விற்பது அந்த அட்டைகளைத்தான். சரியாகச் சொன்னால், அந்தத் துளைகளை. வீணான அட்டைகளைச் சந்துமுனைக் கடலைக்காரர் வாங்கிக்கொள்கிறார். அவரிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன். கடலை தங்கியது, உப்பு துளைகள் வழியாக என் சட்டையில் கொட்டியது.

எழுதுகிறவள் பிலோமினா. திரேஸ்புரத்துப் பெண், கணிதப் பட்டதாரி. மடத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து விடுப்பில் வந்திருக்கிறாள். அவள் இப்போது எழுதி முடித்திருப்பது என்ன என்று கேட்டேன். சொன்னாள். கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன்.

என் வேலையைத்தான் எழுதியிருந்தாள்.

ஒரு கப்பல் சரக்கை இறக்க இத்தனை நாள் என்று ஒப்பந்தம் இருக்கும். அதற்கு மேல் நின்றால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். ஆனால் எல்லா நாளும் நாள் அல்ல. ஞாயிறு சேராது, அரசு விடுமுறை சேராது, மழையால் நின்ற மணி சேராது. கிரேன் பழுதான மணி யார் தலையில் விழும் என்பது கிரேன் யாருடையது என்பதைப் பொறுத்தது. இவற்றையெல்லாம் கழித்து, கப்பல் சட்டப்படி எத்தனை நாள் நின்றது என்று சொல்வதுதான் முப்பத்தோரு ஆண்டுகள் நான் செய்தது. ஒரு கப்பலுக்கு மூன்று நாள், இரண்டு பென்சில்.

"மெஷினுக்கு எத்தனை நேரம்?" என்றேன்.

"அட்டையைப் படிக்கிறதுக்குத்தான் சார் நேரம். கணக்குப் போட நேரமே ஆவாது," என்றாள், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

கொழும்பில் ஒரு ஏஜென்ட் இதை வாங்க யோசிக்கிறார். விடைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பழைய கப்பல்கள் ஐந்தின் காகிதங்களை அனுப்பியிருக்கிறார்; ஐந்தும் ஒரு காலத்தில் நான் கணக்குப் போட்டவை. இந்த ஐந்தும் சரியாக வந்தால் மூன்று ஆண்டு ஒப்பந்தம். அவர்களின் முதல் வெளிநாட்டு ஆர்டர். ஞாயிற்றுக்கிழமை மில்லில் ஓட்டிப் பார்த்து, விடைகள் சரியா என்று நான் சொல்ல வேண்டும். பிறகு நான் ஊர் திரும்பும்போது அட்டைப் பெட்டியை ஏஜென்ட்டிடம் சேர்க்க வேண்டும். சரிபார்ப்பவனும் நானே, சுமப்பவனும் நானே.

மறுநாள், சனிக்கிழமை, ஜெபராஜ் என்னைப் புதுத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனான். கடலை வெகுதூரம் கல்லால் வளைத்துப் பிடித்திருக்கிறார்கள். கப்பல் நேராகத் தளத்தில் வந்து ஒட்டி நிற்கிறது. எங்கள் துறைமுகத்தின் வயதும் பெருமையும் இதற்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமா அத்தான், இன்னும் புதுசாத்தான் இருக்கு," என்று அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அங்கே உப்பு ஏற்றுமதி செய்கிற அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தான். வெள்ளை வேட்டி, கையில் குடை, கண்ணில் சந்தேகம்.

"ஏலே ஜெபராசு, மெஷின் இல்லாம மெஷின் கம்பெனியாலே நடத்துத?"

"நீங்க லாரி வாங்கியா அண்ணாச்சி உப்பு அனுப்புதிய? வாடகைக்குத்தான பிடிக்கிய?"

"லாரி கண்ணுக்குத் தெரியும்லா. நீ விக்கிறது என்ன? ஓட்டை."

"அந்த ஓட்டைக்குத்தான் இனிமே காலம். முன்னால மெஷின் விக்கிறவன் புரோகிராமைச் சும்மா குடுத்தான், மிக்ஸி வாங்குனா கரண்டி குடுக்க மாதிரி. இப்ப வெளிநாட்டுல புரோகிராமுக்குத் தனியா வெல போடுதான். மெஷின் வருசா வருசம் மலியும். எழுதத் தெரிஞ்ச ஆளு மலிய மாட்டான். ஒங்க மொதக் கப்பலுக்குச் சும்மா செஞ்சு தாரேன். ரெண்டாவது கப்பலுக்கு நீங்களே நம்ம மாடிப்படி ஏறுவிய."

அண்ணாச்சி சிரித்தார். "சும்மான்னு சொல்லுதவங்கிட்டத்தாம்லே சூதானமா இருக்கணும்." ஆனாலும் அடுத்த வாரம் வரச் சொன்னார்.

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். கப்பலில் வந்த ஓர் அதிகாரி விட்டுப்போன பத்திரிகைகளில் என்றான். இண்டர்மீடியட்டில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். அன்று மாலை அவன் வாங்கித் தந்த எண்ணெயில் பொரித்த பரோட்டா நான்கைத் தின்றேன். இந்த ஊரில் அதற்கு ரொட்டி என்று பெயர். ஊற்றிக்கொள்ளச் சால்னா கேட்கக் கேட்க வருகிறது. ரேஷன் கூப்பன் கேட்கவில்லை. அந்த ரொட்டியிலும் குறை கண்டுபிடிக்க முயன்றேன். முடியாமல் ஐந்தாவதைச் சொன்னேன்.

ஞாயிறு காலை, எனக்குத் தெரிந்து வழிபாட்டைத் தவறவிட்ட முதல் நாசரேத்துக் குடும்பத்தான் ஆனான் ஜெபராஜ். பிலோமினா முதல் பூசை பார்த்துவிட்டே வந்தாள். மில் இரண்டு மணி நேரப் பஸ் தூரம். அட்டைப் பெட்டியை இருக்கைக்கு அடியில் வைத்தோம். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய மீன்காரம்மா, கூடையை அதன் பக்கத்தில் தள்ளினார். மீன் தண்ணீர் பெட்டியை நோக்கி மெதுவாக வந்தது.

"யம்மா, கூடையை நகட்டுங்க. பெட்டில நனையக் கூடாத சாமான் இருக்கு," என்றாள் பிலோமினா.

"ஏளா, மிக்கேல் மவதான நீ? மீன் தண்ணி பட்டா ஒனக்கு ஆவாதோ? பள்ளிக்கூடத்து டீச்சரானா மூக்கு அம்புட்டு ஒசந்துருமோ?"

பஸ்ஸே சிரித்தது. பிலோமினாவும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து, மடியில் இருந்தாலும் லக்கேஜ் லக்கேஜ்தான் என்றார். பயணி தன் உடம்பில் சுமக்கும் பொருளுக்குத் தனிச் சீட்டு தேவையில்லை என்று விதியை எடுத்துச் சொன்னேன்.

"எந்த ஊரு விதி?"

"கொழும்பு."

"அப்பம் கொழும்பு பஸ்ல ஏறுங்க அண்ணாச்சி," என்று சீட்டைக் கிழித்தார்.

மில்லில் அந்த இயந்திரத்துக்குக் குளிரூட்டிய அறை. மனிதர்கள் வேர்த்து வழிந்தார்கள். அட்டைகளை அது கோழி தீனி கொத்துவதுபோல் விழுங்கியது. பிறகு சடசடவென்று அச்சடித்துத் தாளை வெளியே தள்ளியது. ஐந்து கப்பல், ஐந்து விடை. ஜெபராஜ் தாளை என்னிடம் நீட்டிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். பிலோமினா நகத்தைக் கடித்தாள்.

முதல் நான்கும் சரி. அரை மணி நேரம்கூடப் பிசகவில்லை. ஒவ்வொன்றையும் சரி என்று கண்ட பிறகு மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன். ஐந்தாவது கப்பலில் ஒரு நாள் கூடுதலாக இருந்தது.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. அந்தக் கப்பல் ஒரு பௌர்ணமியைத் தாண்டி நின்றிருக்கிறது. எங்கள் நாட்டில் பௌர்ணமி, போயா என்ற பெயரில் அரசு விடுமுறை; துறைமுகத்தில் ஒரு மூட்டை அசையாது. பிலோமினா ஞாயிறுகளைக் கழித்திருந்தாள், பெரிய வெள்ளியைக் கழித்திருந்தாள், கிறிஸ்துமஸைக் கழித்திருந்தாள். மாதா கோயில் நாட்காட்டியைப் பார்த்து விடுமுறை எழுதியவளுக்குப் புத்தரின் பௌர்ணமி எப்படித் தெரியும்?

பிழையை மறைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். தாளின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'சரி' என்று எழுதவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பத்தோரு ஆண்டு ஆயிற்று. ஜெபராஜ் துள்ளினான். திரும்பும் வழியில் எனக்கு ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கித் தந்தான். வாயில் வைத்ததும் கரைந்துபோகிற பொருள் அது. இனிப்பாகத்தான் இருந்தது. இரண்டாவதை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பிலோமினாவின் அப்பா மிக்கேல் என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முத்துக்குளித்த காலத்தில் முங்கியவர். இப்போது சங்கு எடுக்கிறார். என் வயதுதான். மார்பு மட்டும் இருபது வயது இளையது. அதையும் கவனித்தேன். சாளை மீன் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட வைத்தார். திரேஸ்புரக் கரையில் வள்ளங்கள் வரிசையாக நின்றன. குழம்பில் மிளகாயை நிறையப் போட்டிருந்தார்கள். கண்ணில் நீர் வந்தபோது அதைக் காரணம் சொல்ல முடிந்தது.

"முத்துக்குளிப்புல ஒரு மொறை உண்டு சார்," என்றார். "மொதல்ல சர்க்கார் ஆளுவ கடலுக்கடியில சிப்பி வெளையுற பார்ல போயி கொஞ்சம் சிப்பி எடுப்பாவ. மாதிரிக்கு. அதத் தொறந்து பாத்து முத்து தேறுனாத்தான் குளிப்பு உண்டு. தேறலன்னா அந்த வருசம் அம்புட்டுப் பேரும் கரையிலதான். ஒரு வருசம் அப்படித்தான், மாதிரி எடுத்தவன் மோசமான பக்கமாப் பாத்து எடுத்துட்டான். பார் முழுக்க முத்து. யாருக்கும் ஒண்ணுமில்ல."

"வேண்டுமென்றே எடுத்தானா?"

"ஆரு கண்டா? அவன் சம்பளக்காரன். குளிப்பு நடந்தாலும் நடக்காட்டாலும் அவனுக்குச் சோறு உண்டு."

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மகளைப் பற்றிப் பேசினார். மடத்துத் தாயார் அவளுக்கான இடத்தை மாசக் கடைசி வரைதான் வைத்திருப்பாராம். கொழும்பிலிருந்து நல்ல பதில் வந்தால் ராஜினாமா. வராவிட்டால் பழையபடி ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு.

"எனக்குப் பள்ளிக்கூடம்தான் இஷ்டம். மாசம் பொறந்தாச் சம்பளம். ஆனா அவ ரெண்டு வருசமா அந்த அட்டையோடயே கெடக்கா சார். தூக்கத்துலயும் வெரலு டைப் அடிக்கி. நீங்க பாத்தியளாமே, எல்லாம் சரியா இருக்குன்னு. ஒங்க வாயில சர்க்கரையப் போடணும்."

நான் தண்ணீர் கேட்டேன்.

ஓர் உண்மையை இங்கே பதிவு செய்ய வேண்டும். மிக்கேலின் குழம்பு என் மனதை மாற்றவில்லை. அன்று இரவும் நன்றாகவே தூங்கினேன். கொழும்பில் அந்த ஏஜென்ட் ஐந்தாவது கப்பலின் கோப்பைத் திறப்பதையும், அதில் பென்சிலில் இருக்கும் என் விடையைப் பார்ப்பதையும், அட்டைகளைத் தள்ளி வைப்பதையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து மகிழ்ந்தேன். மகிழ்ச்சியில் ஒரே ஒரு குறைதான். அந்தத் தவறை நான் கண்டுபிடித்தேன் என்பது உலகில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் குறை செவ்வாய்க்கிழமை காலைக்குள் பெரிதாகி, என்னால் தாங்க முடியாததாகிவிட்டது.

ஜெபராஜ் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். உப்பு அண்ணாச்சி அடுத்த வாரம் வரை பொறுக்காமல் தாமே மாடிப்படி ஏறி வந்திருந்தார். பார்வையாளர் இருக்கிறார், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தொண்டையைச் செருமினேன்.

"ஐந்தாவது கப்பல் தப்பு."

கயிறு நின்றது. நான் எழுந்து, அலுவலகத்தில் புதியவர்களுக்கு விளக்குவதுபோல நிதானமாக விளக்கினேன். போயா என்றால் என்ன, துறைமுகம் ஏன் மூடும், இந்தப் பிழையோடு போனால் என்ன ஆகும். அண்ணாச்சி என்னை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். ஜெபராஜின் முகம் வெளுத்தது.

"பௌர்ணமிக்கு ஹார்பர் லீவா?" என்றாள் பிலோமினா. "இங்க கிறிஸ்மஸுக்கே மத்தியானத்துக்கு மேல சரக்கு எறக்குதாவளே!"

"எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்," என்றேன் வருத்தமாக. வருத்தம் நன்றாக வந்தது.

"எதுக்கு சார்?" என்றாள். பெட்டியைப் பிரித்து, கட்டின் கடைசியில் தனியாக ரப்பர் வளையம் போட்டிருந்த சின்னக் கட்டு ஒன்றை எடுத்தாள். "லீவு நாளு புரோகிராமுக்குள்ள இல்ல. தனி அட்டை. ஊருக்கு ஊரு லீவு மாறும்லா? பினாங்குக்கு வித்தா பினாங்கு லீவு, கராச்சிக்கு வித்தா கராச்சி லீவு. இந்தக் கட்டை மட்டும் மாத்தணும். தேதி சொல்லுங்க சார், அடிச்சிருதேன்."

என் வெற்றி ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீடித்தது.

"நீங்க ஞாயித்துக்கிழமையே பாத்துட்டியளா சார்?" என்று இயந்திரத்தில் அட்டையைச் செருகிக்கொண்டே கேட்டாள். ஜெபராஜ் சட்டென்று, "அத்தான் ரெண்டு தடவ சரிபாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டாவ," என்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நற்சான்றிதழ் ஒன்று குறைந்ததற்காக நான் திருப்பி அனுப்பியவன், எனக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டான். இதற்கும் பொறாமைப்படலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தேதிகளைச் சொன்னேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நாட்டில் ஞாயிறை எடுத்துவிட்டுப் போயா நாட்களையே வார விடுமுறை ஆக்கியிருந்தார்கள். வாரம் சில சமயம் ஏழு நாள், சில சமயம் எட்டு. அந்தக் காலத்தில் இன்று என்ன நாள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் துறைமுகத்தில் மூன்று பேர், நான் ஒருவன். இன்னும் பழைய கப்பல்கள் வந்தால் அதுவும் வேண்டும் என்றாள். சொன்னேன். மழை என்று எழுத எவ்வளவு மழை வேண்டும், தேநீர் இடைவேளை யார் கணக்கு, கிரேன் ஓட்டுநர் வராத நாள் எப்படி எழுதப்படும் என்று கேட்டுக்கொண்டே போனாள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு கேட்டதில்லை. அத்தனையும் மாலைக்குள் அறுபத்து மூன்று அட்டைகளில் அடங்கிவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடிகூட இல்லை.

புதன்கிழமை புறப்பட்டேன். எங்கள் கரையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, இதை என்னவென்று எழுதுவது எனத் திணறினார். படிவத்தை வாங்கி நானே நிரப்பினேன்: 'துளையிடப்பட்ட பழைய அட்டைகள். வர்த்தக மதிப்பு இல்லை.' அதை எழுதும்போது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஏஜென்ட் ஒரு காலத்தில் என் மேசைக்கு எதிரில் நின்று கையெழுத்துக்காகக் காத்திருந்தவர். ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் அட்டைகளை ஓட்டிவிட்டு, ஐந்து கோப்புகளையும் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சும் சரி, சேர். போயா நாள்கூடப் பிசகவில்லை. அந்த ஊர் ஆட்களுக்கு இது எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லிக் கொடுத்ததெண்டால் மறைக்காமல் சொல்லுங்கோ. அப்படியெண்டால் எனக்கு அவர்கள் எதற்கு? நீங்களே கிழமைக்கு மூன்று நாள் இங்கே வந்து இருங்கோ. மேசை தருகிறேன்."

மேசை. ஜன்னலோரம் ஒன்று காலியாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு என்ன தெரியும்? நான் பெட்டி சுமந்தவன்," என்றேன். "அங்கே ஒரு பெண் இருக்கிறாள். நம் துறைமுகத்தை நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள்."

படியிறங்கும்போது என் மீதே எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் பாண் வரிசையில் நின்றபோதும் அந்தக் கோபம் போகவில்லை.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிலோமினா ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாளாம். மூன்று ஆண்டுகளுக்கு இரு தரப்பும் விலக முடியாது என்று ஒரு விதி சேர்க்கச் சொல்லி ஜெபராஜுக்கு நான்தான் எழுதியிருந்தேன், சேர்த்திருக்கிறார்கள். ஆகவே ஏஜென்ட் இந்தக் கட்டுரையைப் படித்தாலும் இனி ஒன்றும் செய்ய இயலாது. உண்மையை அச்சில் ஏற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை: அந்தப் போயா நாளைக் கண்டுபிடித்தவன் நான்.